ஜவ்வாது மலையில் ஒரு மணிக்கு நின்றுபோன பேட்டரி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜவ்வாது மலையில் ஆறு பேர் கூடாரம் போட்டு மூன்று இரவு வானம் பார்த்தோம். இரண்டாம் இரவு ஒரு மணி வாக்கில் முகாமின் மின்சாரம் மொத்தமாக நின்றது. பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்த ஸ்டார் டிராக்கர் நின்றது. லென்ஸைச் சுற்றிக் கட்டியிருந்த ஹீட்டர் பட்டைகள் ஆறிப்போயின. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மேல் பனி படிந்து, படங்கள் எல்லாம் வெள்ளைப் புகையாக விழத் தொடங்கின. அது ஜெமினிட் எரிகல் பொழிவின் உச்ச இரவு. அந்த எரிகற்கள் புறப்பட்டு வருவதுபோல் தோன்றும் மிதுன விண்மீன் கூட்டம் தலைக்கு மேல் ஏறுவது இரண்டு மணிக்கு. எரிகற்கள் அதிகம் தெரிவதும் அப்போதுதான்.

100 வாட் சோலார் பேனல் இருந்தது. புது லித்தியம் பேட்டரி இருந்தது. பகலில் வெயிலும் அடித்திருந்தது. "பேனல் பத்தலை, இன்னொண்ணு வாங்கிடலாம்" என்பதே அன்று காலை டீயோடு வந்த முதல் தீர்ப்பு. ஊருக்குத் திரும்பியபின் கருவி கருவியாக மீட்டரில் மாட்டி அளந்து பார்த்தோம். அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

இடமும் பருவமும்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் இருட்டுக்குப் பழைய சாட்சி காவலூர் வானாய்வகம். வைணு பாப்பு பெயரிலான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. நாங்கள் தங்கியது ஜமுனாமரத்தூர் பக்கம், சாமை அறுத்து முடித்த ஒரு மேட்டுக் கொல்லை. பட்டா நிலம், உரிமையாளரின் சம்மதம் வாங்கியது. காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட பிறகு வனத்துறையின் கட்டுப்பாடு இன்னும் இறுகிவிட்டது. அது சரியும்கூட. ஜெனரேட்டர் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை: சத்தம், புகை, சருகுக்குப் பக்கத்தில் பெட்ரோல்.

நிலத்துக்காரர் வீடு ஒரு கிலோமீட்டர் கீழே. "கீழ வீட்ல கரண்டு இருக்குதே சார், பெட்டிய எடுத்தாந்து போட்டுக்கலாமே" என்று அவர் முதல் நாளே சொன்னார். நியாயமான யோசனை. பேட்டரிப் பெட்டி நான்கு கிலோவுக்குள்தான். ஆனால் சோலாரிலேயே சமாளித்துப் பார்ப்பது என்ற பிடிவாதத்தோடுதான் குழு வந்திருந்தது. அடுத்து போக நினைக்கும் இடங்களில் கீழே வீடு இருக்காது.

டிசம்பர் வானம் பார்க்க நல்லது, சோலாருக்கு அவ்வளவு தாராளம் இல்லை. பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அட்சரேகையில் டிசம்பர் நடுவில் உச்சிச் சூரியன் 54 டிகிரி உயரம்தான் ஏறும், அதுவும் தெற்கே சாய்ந்து. நேரம் சுமார் 12:10. காலையில் மலைமுகடு, மாலையில் மரங்கள் என்று இரண்டு முனையிலும் வெயில் வெட்டுப்படும். போதாததற்கு வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகம்.

கொண்டுபோனவை

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 12.8 வோல்ட், 30 ஆம்பியர் மணி. பெருக்கினால் 384 வாட் மணி (ஒரு வாட் இழுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் மணி). வீட்டு ஈ.பி. மீட்டர் கணக்கில் அரை யூனிட்டுக்கும் கீழே. முகாம் மின்சாரம் எவ்வளவு சின்ன உலகம் என்பதற்கு இந்த ஒரு எண் போதும். அப்புறம் நான்காக மடியும் 100 வாட் பேனல், பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்கித் தரும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், 300 வாட் இன்வெர்ட்டர், 20000 எம்ஏஎச் பவர் பேங்க் இரண்டு.

பவர் பேங்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏறக்குறைய எல்லோரும் அதைத் தவறாகப் போடுகிறார்கள். 20000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்டில் போட்ட எண். 74 வாட் மணி. வெளியே 5 வோல்டாக வரும்போது மாற்றத்தில் கொஞ்சம் போய், கைக்குக் கிடைப்பது 63 வாட் மணி அளவு. 5000 எம்ஏஎச் போனின் பேட்டரி சுமார் 19 வாட் மணி. 20000-ஐ 5000-ஆல் வகுத்து நான்கு தடவை என்று நம்பிப் போனால் மூன்றே தடவைதான். எம்ஏஎச்சை மறந்துவிட்டு எல்லாவற்றையும் வாட் மணியில் எழுதினால் குழப்பமே இல்லை. இரண்டு பவர் பேங்கும் சேர்ந்து ஆறு பேர் போனையும் மூன்று நாள் தாங்கின. சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே செத்துவிடும் என்பதால் எல்லோரும் ஃபிளைட் மோடில் போட்டிருந்தோம். தாங்கியதற்குப் பாதிக் காரணம் அதுவே.

கூட வந்த கல்லூரி மாணவர் ஒருவர் முதுகில் சோலார் ஒட்டிய பவர் பேங்க் ஒன்றை வைத்திருந்தார். ஆன்லைனில் நிறையப் பேர் வாங்குகிறார்கள். உள்ளங்கை அளவுப் பேனல், நல்ல வெயிலில் ஒன்றரை வாட் தந்தால் பெரிது. நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று தாராளமாக வைத்தாலும் 7.5 வாட் மணி. 74 வாட் மணியை நிரப்பப் பத்து நாள் ஆகும், இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். அவர் அதைப் பாறை மேல் வைத்திருந்தார்; பதினொரு மணிக்கே தொட முடியவில்லை. லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொது விதி. வெயிலில் வைத்தால்தான் சார்ஜ் ஏறும், வெயிலில் வைத்தால் செல் கெடும்: இப்படி ஒரு பொருளை விற்கத் துணிவு வேண்டும்.

பேட்டரி எங்கே போனது

மீட்டரில் அளந்தபின் முதல் இரவின் செலவு இப்படி விரிந்தது. ஹீட்டர் பட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 6 வாட், எட்டு மணி நேரம்: 96 வாட் மணி. டிராக்கர் 2 வாட்தான் இழுக்கிறது, ஒன்பது மணி நேரத்துக்கு 18. கூடாரத்து எல்.ஈ.டி. விளக்கு 15. கேமரா பேட்டரிகள் நான்கு, ஒவ்வொன்றும் 14 வாட் மணி கொள்ளளவு. ஒரு லேப்டாப், 50 வாட் மணி. இவை இரண்டும் இன்வெர்ட்டர் வழியாகச் சார்ஜ் ஆனதில் சுமார் 130.

இதுவரை கூட்டினால் ஏறக்குறைய 260. 384-இல் இன்னும் நூற்றுக்கு மேல் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஆனால் மிஞ்சியது முப்பதுக்குள்.

இடையில் காணாமல் போனது இன்வெர்ட்டருக்குள் இருந்தது. கேமரா பேட்டரி சார்ஜர் 230 வோல்ட் பிளக் கொண்டது என்பதால் மாலை ஆறு மணிக்குப் போட்ட இன்வெர்ட்டர் விடியும்வரை ஓடியது. ஒன்று நிரம்பியதும் அடுத்ததை மாட்டுவார்கள், பிறகு தூங்கப் போவார்கள் அல்லது வானத்தைப் பார்ப்பார்கள். எதுவும் மாட்டாமல் சும்மா ஓடும்போதே அந்த இன்வெர்ட்டர் 8 வாட் தின்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 96 வாட் மணி. பேட்டரியில் சரியாகக் கால் பங்கு. இரண்டு லென்ஸை இரவெல்லாம் பனியிலிருந்து காத்ததற்கும் அதே 96-தான் செலவு என்பதைப் பார்த்தபோது, அந்த இன்வெர்ட்டரைக் கொண்டுவந்த நண்பர் முகத்தில் ஈயாடவில்லை. விசிறி மெல்லச் சுற்றும், பச்சை விளக்கு எரியும், வேறொன்றும் தெரியாது. திருட்டுக்கு அடையாளமே இல்லை.

இன்வெர்ட்டரின் குற்றம் அதோடு முடியவில்லை. லேப்டாப்புக்கு வேண்டியது 20 வோல்ட் டி.சி. பேட்டரியில் இருப்பது 13 வோல்ட் டி.சி. அதை 230 வோல்ட் ஏ.சி. ஆக்கி, அடாப்டரில் மறுபடி 20 வோல்ட் டி.சி. ஆக்குவது காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகச் சென்னையைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி. இன்வெர்ட்டரில் ஒரு பத்து சதவீதம், அடாப்டரில் ஒரு பத்து சதவீதம் என்று வழியிலேயே கழியும். கார் சாக்கெட்டில் மாட்டும் 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று இருந்தால் 13-இலிருந்து நேராக 20-க்குப் போய்விடலாம். கேமரா பேட்டரிக்கும் யூஎஸ்பியில் ஓடும் சார்ஜர்கள் கிடைக்கின்றன. குழுவில் ஒருவர் பையிலேயே ஒன்று இருந்தது. இன்வெர்ட்டர் இருக்கும்போது எதற்கு என்று அவர் எடுக்கவில்லை.

ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பது அடுத்த கேள்வி. கன்ட்ரோலர் திரையில் பேட்டரி படம் ஒன்று இருந்தது, கட்டம் கட்டமாக. போகும்போதும் வரும்போதும் எல்லோரும் பார்த்தது அதைத்தான். அது வோல்டேஜைப் பார்த்துக் கட்டம் போடுகிறது, அதுவும் பழைய ஈய அமில பேட்டரிக்கான அளவுகோலில். ஈய அமிலத்தில் சார்ஜ் குறையக் குறைய வோல்டேஜும் இறங்கிக்கொண்டே வரும், ஆகவே படத்தில் கொஞ்சம் உண்மை இருக்கும். இரும்பு பாஸ்பேட் பேட்டரி அப்படியில்லை. முக்கால்வாசி இருக்கும்போதும் கால்வாசி இருக்கும்போதும் 13 வோல்டை ஒட்டியே நிற்கும். கடைசியில்தான் சட்டென்று சரியும். சரிந்ததும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். இரவு பன்னிரண்டரைக்கு ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தபோதுகூட ஒரு கட்டம் மட்டுமே குறைந்திருந்தது. உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணும் மீட்டர் ஒன்றுதான் இந்த வகை பேட்டரிக்கு நம்பகமான அளவு. எங்களிடம் இருந்த வாட் மீட்டர் அந்த இரண்டு நாளும் பேனல் பக்கம் மட்டும் மாட்டியிருந்தது. வரவு தெரிந்தது, செலவு தெரியவில்லை.

வரவும் குறைந்ததுதான்

இரண்டாம் நாள் பகல் முழுக்கப் பேனல் தந்தது 210 வாட் மணி. முகாமுக்குப் போகுமுன் தாளில் போட்ட கணக்கு, 100 வாட் பெருக்கல் ஆறு மணி நேரம், 600. மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. ஆகவே பேனல் மேல் பழி போட்டவர்களிடம் முழுக்கத் தப்பில்லை. ஆனால் இன்னொரு பேனல் வாங்கினாலும் இதே விகிதத்தில்தான் வந்திருக்கும்.

100 வாட் என்பது ஆய்வகத்து எண்: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பம் 25 டிகிரி. மலையிலும் நண்பகலில் கறுப்புப் பேனல் அதைவிட எவ்வளவோ சூடாகும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவு குறையும். நல்ல நேரத்தில் 85 வாட் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

பேனல் தரையில் படுத்துக் கிடந்தது. 54 டிகிரி உயரத்துச் சூரியனுக்கு அது உச்சிப் பொழுதிலேயே ஐந்தில் ஒரு பங்கை இழக்கும், காலை மாலையில் இன்னும் மோசம். தெற்குப் பார்த்து 35 டிகிரி சாய்த்திருக்க வேண்டும். இதற்குக் கோணமானி வேண்டியதில்லை: பேனல் மேல் ஒரு பேனா மூடியை நிமிர்த்தி வைத்து, அதன் நிழல் மறையும்வரை பேனலைச் சாய்த்தால் போதும். இதே இடத்தில் ஏப்ரல் கடைசியில் முகாம் போட்டால் உச்சிவெயில் நேர்தலைக்கு மேல். அப்போது படுக்கப்போடுவதுதான் சரி. பருவத்துக்குப் பருவம் மாறும் விஷயம் இது.

நிழல் இன்னும் பெரிய கதை. கொல்லையின் ஓரத்தில் ஒரு பலா மரம். கூடாரத்துக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று மணி வாக்கில் பலாவின் ஒரு கிளை நிழல் பேனலின் ஒரு மடிப்பின் மேல் விழுந்தது. பார்ப்பதற்குப் பத்தில் ஒரு பங்கு மறைந்த மாதிரி. அதுவரை நன்றாகக் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் ஒரு ஆம்பியருக்குக் கீழே போய்விட்டது. செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று நிழலில் மாட்டினால் அந்தத் தொடர் முழுவதன் ஓட்டமும் அதன் அளவுக்கு இறங்கும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிப்போக டயோடு வைத்திருந்தாலும், அந்தப் பகுதியின் வோல்டேஜ் கழிந்துவிடும். 18 வோல்ட் பேனலில் பாதி போனால் 9. 13 வோல்ட் பேட்டரிக்குள் அது எப்படி ஏறும்?

கன்ட்ரோலர் மேல் எம்.பி.பி.டி. என்று, அதாவது பேனல் தரக்கூடிய முழு வாட்டையும் கறந்தெடுக்கும் வகை என்று, கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. மலிவான கன்ட்ரோலர்களில் இந்த ஸ்டிக்கர் சும்மா ஒட்டப்படுவது சகஜம். சோதிப்பது எளிது. பேனலிலிருந்து வரும் ஆம்பியரும் பேட்டரிக்குப் போகும் ஆம்பியரும் ஒன்றாக இருந்தால் அது பேனலைப் பேட்டரியின் வோல்டேஜிலேயே கட்டிப்போடும் பழைய பி.டபிள்யூ.எம். வகை. உண்மையான எம்.பி.பி.டி. என்றால் 18 வோல்டை 13-க்கு இறக்கும்போது ஆம்பியரைக் கூட்டித் தரும். எங்களுடையதில் இரண்டும் ஒன்று. 85 வாட் தரக்கூடிய பேனல், பேட்டரியின் 13.3 வோல்டில் கட்டுண்டு 65 வாட்தான் தரும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே 10 மீட்டர் ஒல்லி வயர், 0.75 சதுர மில்லிமீட்டர். போக வர 20 மீட்டர்; ஐந்து ஆம்பியர் ஓடினால் இரண்டு வோல்டுக்கு மேல் வழியிலேயே விழும். பி.டபிள்யூ.எம். இருக்கும்வரை அந்த நஷ்டம் வெளியே தெரியாது. எப்படியும் வீணாகிற வோல்டேஜில்தான் அது கழிகிறது. நிஜ எம்.பி.பி.டி. மாட்டினால் அப்போது வயர் கணக்குக் கேட்கும்: 65 வாட் 78 ஆக வேண்டியது, ஒல்லி வயரோடு 71-இல் நிற்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால்தான் மிச்சம் 7 வாட்டும் கிடைக்கும். கன்ட்ரோலரை மட்டும் மாற்றிவிட்டு "பெரிசா ஒண்ணும் வித்தியாசம் இல்லையே" என்று சொல்பவர்கள் வயரைப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் நாள்

விடிந்தபோது பேட்டரி உயிரோடு இல்லை. பேனலை மாட்டியும் கன்ட்ரோலர் திரை இருட்டாகவே இருந்தது. பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிட்டால் வெளி முனையில் வோல்டேஜ் தெரியாது. வோல்டேஜ் தெரியாவிட்டால் கன்ட்ரோலர் அங்கே பேட்டரியே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர், ஹீட்டர், டிராக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்ததும் பேட்டரி தானே விழித்தது. பிறகு முதலில் பேட்டரி, அடுத்துப் பேனல் என்ற வரிசையில் மாட்ட, சார்ஜ் ஏறத் தொடங்கியது. எல்லாப் பேட்டரியும் இப்படித் தானாக விழிக்காது. சிலவற்றுக்குத் தூண்டிவிடும் சார்ஜர் தேவைப்படும். காட்டில் அது கிடைக்காது.

அன்று செய்த மாற்றங்கள் கடையில் எதுவும் வாங்காமல் செய்தவை. பேனல் மரத்தைவிட்டு நகர்ந்து, ஒரு கருங்கல்லின் மேல் தெற்கே சாய்ந்தது. இன்வெர்ட்டர் பைக்குள் போனது. கேமரா பேட்டரிகளை யூஎஸ்பி சார்ஜரில், வெயில் அடிக்கும்போதே, பத்து மணியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். லேப்டாப் டைப்-சியில் சார்ஜ் ஆகக்கூடியது. ஜீப்பில் கிடந்த கார் சார்ஜர் அதற்குப் போதுமானதாக இருந்தது. மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. வாட் மீட்டரைப் பேட்டரியின் செலவுப் பக்கம் மாற்றினோம். ஹீட்டர் பட்டைகள் கால் மணி ஓடி, கால் மணி ஓய்ந்தன. லென்ஸ் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலே பனி படியாது, கொதிக்க வேண்டியதில்லை.

நண்பகலுக்குப் பிறகு மேகம் மூடிவிட்டது. சாய்த்து வைத்ததில் காலையில் கிடைத்த லாபத்தை மேகம் விழுங்கியது. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் வரவு முந்தின நாளைப் போலவேதான், 220-க்கும் கீழே. அதில் கேமராவும் லேப்டாப்பும் பகலிலேயே 125 அளவு எடுத்துக்கொண்டன. இருட்டும்போது பேட்டரியில் ஏறத்தாழ 95 வாட் மணி இருந்தது, முந்தின இரவு தொடங்கியதில் பாதிகூட இல்லை. ஒன்பது மணிக்கு மேல் வானம் விட்டுவிட்டுத் திறந்தது. டிராக்கர் விடியும்வரை ஓடியது. ஹீட்டர்கள் ஓடின. காலை ஐந்தரைக்கு மீட்டர் காட்டிய இரவுச் செலவு 76.

இரண்டாவது பேனலுக்கென்று பேசி வைத்த பணத்தில் நிஜமான எம்.பி.பி.டி. கன்ட்ரோலர், 2.5 வயர், 65 வாட் கார் சார்ஜர், ஆம்பியர் எண்ணும் மீட்டர் எல்லாம் வாங்கியும் மிச்சம் இருந்தது. இன்வெர்ட்டர்காரர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த முகாமில் ஒரு மிக்ஸி தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்கிறார்.